எட்டாம் பொட்டளி

கதிர்காமத்துக்கு நடந்து போகிறவன் சோற்றைப் பற்றி யோசிக்கக் கூடாது என்று சொல்வார்கள். அது கந்தனுடைய பாடு. போகிற ஊரில் யாராவது கூப்பிட்டு இலை போடுவார்கள், போடாவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டியதுதான். உடுவில் தம்பிராசாவுக்கும் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, பழைய பஸ் நேர அட்டவணை ஒன்றின் பின்பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போடத் தொடங்கினார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் நேரம் எழுதிக்கொண்டிருந்த மனுசன். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, எங்கே எத்தனை நிமிடம் நின்றது, ஏன் பிந்தியது என்று எழுதி எழுதியே தலை நரைத்தது. போதாக்குறைக்கு வயிற்றில் புண். உறைப்பு வாயில் வைத்தால் அடுத்த நாள் ஆஸ்பத்திரியில்தான் விடியும் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். கிழக்குப் பக்கத்துச் சனம் அன்போடு போடுகிற சோற்றில் மிளகாய்த்தூள் இல்லாமல் இருக்குமா? ஆகவே நாற்பத்தைந்து நாளைக்கும் தன் வீட்டு மா தனக்கு முன்னால் போய் வழியில் காத்திருக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். முருகனை நம்பவில்லை என்று அர்த்தமில்லை. முருகனையும் நம்பினார், அட்டவணையையும் நம்பினார்.

நேர்த்தி மகனுக்காக. ஒரே மகன் செல்வரட்ணம், இருபத்துமூன்று வயது. எண்பத்தேழாம் ஆண்டு மாசி மாதம், ஜெர்மனிக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன ஏஜென்சிக்காரன் ஒருவனோடு வெளிக்கிட்டவன். பாங்கொக்கில் இருந்து ஒரு கடிதம் போட்டான். சுகம், இங்கே சரியான வெக்கை, அடுத்த கிழமை வெளிக்கிடுகிறோம் என்று நாலு வரி. அதற்குப் பிறகு பதினைந்து மாதமாக ஒரு சொல் இல்லை. கூடப் போன இன்னொரு பொடியனின் வீட்டுக்கும் இல்லை, ஏஜென்சிக்காரனும் கொழும்பில் இல்லை.

வீட்டில் அழுகை முதல் மூன்று மாதத்தோடு தீர்ந்துபோயிற்று. பிறகு வந்தது ஒருவிதமான மரப்பு. தபால்காரர் படலையைக் கடந்து போவார், புருசனும் பெண்சாதியும் நிமிர்ந்து பார்ப்பார்கள், அவர் போனதும் குனிந்து தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது தம்பிராசாவின் நெஞ்சு. இருக்கிறது என்று தெரியும், கிள்ளினால் நோகாது. அப்படி இருந்த ஒரு நாளில்தான், கதிர்காமத்துக்கு நடந்தே வந்து உன் வாசலில் நின்று கேட்கிறேன், என்ரை பிள்ளையை உயிரோடு ஒரு கரையில் சேர்த்துவிடு என்று நேர்ந்துகொண்டார். கேட்பதற்காகத்தான் அந்த நடை. மற்றதெல்லாம் ஏற்பாடு.

ஏற்பாடு என்றால் மா கட்டிய ஒன்பது பொட்டளி. முல்லைத்தீவு, திருகோணமலை, மூதூர், வெருகல், வாகரை, மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, திருக்கோவில், பொத்துவில் என்று ஒன்பது இடத்தில் ஒன்பது ஆள். ஒரு நாளைக்கு பால்பேணியால் இரண்டு பேணி மா. அரிசிமாவும் உழுத்தம்மாவும் வறுத்துக் கலந்தது. சுடுதண்ணீர் விட்டுக் குழைத்தால் சாப்பாடு, தண்ணீர் கூடவிட்டால் கஞ்சி. கூட ஒரு பனங்கட்டித் துண்டு, கொஞ்சம் உப்பு. கடைசிப் பொட்டளி மட்டும் பெரியது, ஏனென்றால் பொத்துவில் தாண்டினால் ஓரிரு நாளில் காடு தொடங்கிவிடும், காட்டுக்குள் இலை போட ஆள் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் வண்டு பிடிக்கும். ஆகவே முதல் மூன்றும் அவர் வெளிக்கிட முன் போகும், அடுத்த நாலும் ஆனி முதலாந் திகதி, எட்டும் ஒன்பதும் ஆனி இருபதில் ஒன்றாகப் போகும். கொண்டுபோகிறது கிளரன்ஸ், தன் பஸ் போகாத ஊருக்கு வேறு பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அவர் கொழும்புத்துறைக்காரர், மெதடிஸ்ட் கோயிலில் பாட்டுப் பாடுகிறவர், மட்டக்களப்பு பஸ்ஸில் கண்டக்டர். தம்பிராசாவிடம் நேரப் புத்தகத்தில் ஏச்சு வாங்கி வளர்ந்த ஆள், ஆனபடியால் அவர் சொன்ன திகதி தவறாது.

பொட்டளியை மாச்சாக்குத் துணியில் தைத்து, சிவப்பு நூலால் எண்ணைத் தைப்பது பெண்சாதி குணலட்சுமியின் வேலை. இலக்கமாகப் போடக் கூடாது, எழுத்தில்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு தலைகீழாகி ஒன்பதாகிவிடும் என்று தம்பிராசா சொல்லியிருந்தார். குணலட்சுமி ஏழு வரைக்கும் வாய் திறக்காமல் தைத்தாள். எட்டாவது துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஊசியைக் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுக்கு நான் எழுதமாட்டன்."

"ஏன்?"

"சாப்பாட்டுப் பொட்டளியிலை எட்டு எண்டு தைக்கச் சொல்லுறியளே? செத்த வீட்டுக்கெல்லோ எட்டு."

அவள் சொன்னது சரிதான். ஒருவர் செத்தால் எட்டாம் நாளளவில், உயிரோடு இருந்தபோது அவருக்கு என்னென்ன விருப்பமோ அதையெல்லாம் சமைத்துப் பொரித்துப் படைப்பார்கள். அதற்கு எட்டுச் செலவு என்று பெயர். வாய் கூசுகிறவர்கள் எட்டு என்று மட்டும் சொல்லி நிறுத்துவார்கள். தம்பிராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப ஏழரை எண்டு போடும்."

"ஓம், சனியனையும் கூப்பிடுங்கோ. வருசமே எண்பத்தெட்டு, அதிலை இருக்கிற எட்டு காணும்."

கடைசியில் எட்டுக்குப் பதிலாக ஒரு வேல் தைப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். "வேல் போட்டது வந்தா அதுதான் எட்டு, விளங்கிச்சே?" என்றாள்.

"இப்ப நீரே எட்டு எண்டு சொல்லிப்போட்டீர்."

"சொன்னாக் காத்தோடை போயிடும். எழுதினா நிக்குமெல்லே."

பதினைந்து மாதத்தில் அந்த வீட்டில் யாராவது சிரித்ததென்றால் அன்றைக்குத்தான், அதுவும் அரைச் சிரிப்பு.

வைகாசி முடிய முன் செல்வச்சந்நிதியில் வேல் எடுத்துக்கொண்டு இருபது பேர் வெளிக்கிட்டார்கள். காவி, வெறுங்கால், தோளில் ஒரு பை. தம்பிராசாவின் பையில் மட்டும் அட்டவணை இருந்தது. முல்லைத்தீவில் முதலாவது பொட்டளியை அவிழ்த்து அவர் தனியாக மா குழைத்தபோது மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூதூரில் மூன்றாவதை அவிழ்த்தபோது அவருக்குப் பெயர் வைத்தாயிற்று. வைத்தது மயிலிட்டிப் பூரணம். அறுபது வயது, ஐந்தாம் தரம் நடக்கிறவள், யாரையும் விட்டுவைக்காத வாய்.

"மாச்சாமி! முருகன் உங்களுக்கு அங்கை ஒரு வேலை வைச்சிருக்கிறார். கதிர்காமத்திலை களஞ்சியம் பாக்க ஆளில்லையாம்."

"வயித்திலை புண், ஆச்சி."

"எங்களுக்கு மட்டும் என்ன, பூவே? தாங்கோ ஒரு உருண்டை, ருசி பாப்பம்."

அவர் உருட்டிக் கொடுப்பார். அவள் வாயில் போட்டுவிட்டு, உப்புக் காணாது என்பாள். பிறகு இன்னொன்று கேட்பாள். தம்பிராசாவுக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கு ஒரு பங்கு என்று மனதுக்குள் கணக்கையும் மாற்றிக்கொண்டார். வெருகல், வாகரை, மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி என்று ஒவ்வொரு பொட்டளியும் சொன்ன இடத்தில் சொன்ன நாளில் இருந்தது. மாச்சாக்குத் துணி, சிவப்பு நூல், பெண்சாதியின் கோணல் எழுத்து. அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவிழ்ப்பார். கால் கொப்பளித்தது, முதுகு தோல் உரிந்தது, நெஞ்சு மட்டும் அப்படியே இருந்தது. பாட்டுப் பாடுகிற இடத்தில் பாடினார், அழுகிற இடத்தில் மற்றவர்கள் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் நின்று கேட்கிறபோது எல்லாம் வரும் என்று நினைத்துக்கொண்டார்.

திருக்கோவிலில் பொட்டளி கோயிலடித் தேத்தண்ணிக் கடையில் இருந்தது. கடைக்காரர் மேல் தட்டில் இருந்து எடுத்து, தூசியைத் தட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

அது மாச்சாக்குத் துணி இல்லை. புதுவெள்ளைத் துணி. சிவப்பு நூல் இல்லை, வேல் இல்லை. நடுவில் கறுப்பு மையால், வேறு யாருடையவோ கையெழுத்தில், பெரிதாக எட்டு என்று எழுதியிருந்தது.

தம்பிராசா அதைக் கொண்டுபோய்க் கோயில் வெளிவீதியில் ஒரு மரத்தடியில் இருந்து அவிழ்த்தார். அடியில் கொஞ்சம் மா. மேலே ஒரு பொலித்தீன் பையில் பயத்தம் பணியாரம், முப்பதுக்குக் குறையாது. பயத்தம் பணியாரம் செல்வரட்ணத்தின் சாப்பாடு. தகப்பனுக்கு அது ஒத்துவராது, வீட்டில் அவனுக்காகத்தான் சுடுவது. பிளேனுக்குப் போகிற அன்றும் ஒரு பேணி நிறையக் கொண்டுபோனவன்.

அவர் பொட்டளியைத் திரும்பக் கட்டினார். மூன்று தரம் உதறிப் பார்த்தும் கடதாசி ஒன்றும் இல்லை. வழியில் போகிறவனுக்குத் தந்தி அடிக்க முடியாது. அவன் கையில் வந்து சேருகிறது ஒன்றே ஒன்றுதான், அதில்தான் சொல்ல வேண்டும். எழுதமாட்டேன் என்று நின்றவள் எழுதுவித்திருக்கிறாள். செத்த வீட்டில் அவளா ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு இருப்பாள்? யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். வெள்ளை, எட்டு, பிள்ளைக்கு விருப்பமான பணியாரம். அவர் நேரப் புத்தகத்தில் இருக்கிற மூன்று பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர் போல ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். பிழை இருக்கவில்லை.

அழுகை வரவில்லை. வரும் என்று பொறுத்துப் பார்த்தார், வெயில் சரிகிற வரைக்கும் வரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. என்ன தகப்பன் நான் என்று தன்னையே கேட்டார்.

திரும்பிப் போகலாம் என்று ஒரு யோசனை வந்தது. எதற்கு? எங்கேயோ ஒரு ஊரில் செத்தவனின் உடல் உடுவிலுக்கு வந்திருக்காது. எட்டும் முடிந்துவிட்டது. திரும்பி வா என்றால் குணலட்சுமி ஒன்பதாவதை அனுப்பியிருக்கமாட்டாள், அதுவோ இதோடு வந்து பொத்துவிலுக்குப் போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னார். ஆகவே நட என்றுதான் அவள் சொல்கிறாள். அட்டவணையிலும் திரும்பிப் போவதற்கு ஒரு கோடு போட்டிருக்கவில்லை. அவளைத் தனியே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்பது மட்டும் ஒரு இடத்தில் குத்தியது, குத்திவிட்டு அதுவும் அடங்கிப்போயிற்று.

ஆனால் துடக்கு இருக்கிறதே. செத்த வீட்டுக்காரன் முப்பத்தொரு நாளைக்குக் கோயில் வாசல் மிதிக்க முடியாது. நேர்த்திக்காரரோடு ஒன்றாக இருந்து சாப்பிடவும் முடியாது. சொன்னால் இருபது பேரும் குழம்புவார்கள், அவருக்காக இரண்டு நாள் நின்றாலும் நிற்பார்கள். அவர் சொல்லவில்லை. காலில் முள்ளு ஏறிவிட்டது என்று சொல்லி, அடுத்த நாள் காலையில் இருந்து அவர்களுக்கு நூறு யார் தூரம் பின்னால் நடக்கத் தொடங்கினார். வேல் முன்னால் போயிற்று. அதன் நிழல்கூடத் தன்மேல் விழாமல் பார்த்துக்கொண்டார்.

பொத்துவிலில் ஒன்பதாவது பொட்டளி மாச்சாக்குத் துணியில், சிவப்பு நூலோடு இருந்தது. முதலே தைத்து வைத்தது என்று அவருக்குத் தெரியும். காட்டுக்குள் யானை பிண்டம் போட்ட மணல் வழியில் ஆறு நாள். மற்றவர்கள் பயத்தில் ஒட்டிக்கொண்டு நடந்தார்கள், தம்பிராசா மட்டும் தனியாகப் பின்னால் வந்தார். ஒரு மத்தியானம் பூரணம் நின்று, அவர் கிட்ட வரும்வரை காத்திருந்தாள்.

"என்ன சாமி, எங்களோடை கோவமே? தள்ளித் தள்ளி வாறியள்."

"கால், ஆச்சி."

"காலைக் காட்டுங்கோ பாப்பம்." அவர் காட்டவில்லை. அவள் பையைப் பார்த்தாள். "பயத்தம் பணியாரம் வைச்சிருக்கிறியள், என்ன? எனக்கு மணக்குது. ஒண்டு தாங்கோ."

செத்தவனுக்குப் படைத்ததை நேர்த்திக்காரிக்குக் கொடுக்கலாமா? "தரேலாது," என்றார்.

பூரணம் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். அன்றைக்குப் பிறகு மாச்சாமி என்று கூப்பிடவும் இல்லை. பணியாரத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எறிய மனம் வரவில்லை, கொடுக்கவும் முடியாது. ஆகவே நாளுக்கு ஐந்தாக அவரே சாப்பிட்டார். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டது, இனித்திருக்க வேண்டும். வாயில் மண் போல இருந்தது.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கை வந்ததும் மற்றவர்கள் அரோகரா என்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் விழுந்து, மறுகரை ஏறி, ஈரத்தோடு கோயிலுக்கு ஓடினார்கள். தம்பிராசா இக்கரையில் நின்றார். மணிச் சத்தம் கேட்டது. நாற்பத்தைந்து நாள் நடந்துவந்த வாசல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவர் ஆற்றைக் கடக்கவில்லை.

கரையோரம் ஒரு கிழட்டுச் சாமியார் இருந்தார். அவரிடம் போய், எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும் என்றார். தலையை வழித்துக்கொண்டு வரச் சொன்னார் சாமியார். வழித்துக்கொண்டு வந்து தண்ணீரில் இறங்கி நின்றார்.

"ஆருக்கு?"

"மகனுக்கு. செல்வரட்ணம்."

"செத்த நாள்?"

முப்பத்தொரு வருடம் நேரம் எழுதினவருக்கு அந்த ஒரு நாள் தெரியவில்லை. தெரியாது என்றார். பரவாயில்லை என்று சாமியார் மந்திரத்தைச் சொல்லிக் கையில் எள்ளைப் போட்டார். தண்ணீர் எள்ளைக் கொண்டுபோயிற்று.

பிறகு ஒரு மருதமரத்தின் கீழ் துண்டை விரித்துச் சரிந்தார். அப்படியொரு நித்திரை. மகன் போன நாள் தொடங்கி இரவுக்கு மூன்று நாலு தரம் எழும்பி, படலை சத்தம் கேட்டதா என்று காது கொடுக்கிற ஆள், அன்று பின்னேரம் படுத்து மறுநாள் வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் கண் திறந்தார். இனிக் காது கொடுக்க ஒன்றும் இல்லை. உடம்பு அதை அவருக்கு முன்னமே விளங்கிக்கொண்டுவிட்டது. எழும்பி இருந்தபோது தேகம் லேசாக இருந்தது, அது வெட்கமாகவும் இருந்தது. மற்றவர்கள் திருவிழா முடியும்வரை நிற்பார்கள். அவர் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார்.

மட்டக்களப்பில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் புத்தகத்தோடு கிளரன்ஸ் நின்றார்.

"தம்பிராசா அண்ணை! மொட்டையோடை ஆளை மட்டுக்கட்டேலாமல் கிடக்கு. இதிலை இருங்கோ." முன் சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி இடம் கொடுத்தார். பஸ் வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து குனிந்தார். "உங்கடை பொட்டளியாலை நான் பட்ட பாடு தெரியுமே? வழியிலை ஆமிச் சென்றியிலை ஒருத்தன் சோதிக்கிறன் எண்டு ஒண்டைக் கத்தியாலை கிழிச்சுப்போட்டான். மாவிலை பாதி றோட்டிலை. உள்ளுக்கை ஒரு கடதாசி இருந்தது, அதுவும் காத்தோடை போட்டுது. நான் இஞ்சை வந்து புதுத் துணி வாங்கிக் கட்டினன் அண்ணை."

"வெள்ளைத் துணி," என்றார் தம்பிராசா.

"ஓம், அதுதான் கடையிலை இருந்தது. கிழிஞ்சதிலை ஏதோ ஈட்டி மாதிரி ஒரு குறி தைச்சிருந்தது, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. மற்றதிலை ஒன்பது எண்டு கிடந்தது, அப்ப இது எட்டாத்தானே இருக்கவேணும்? மாறுப்படாமல் நல்ல பெரிசா எழுதிவிட்டன். கிடைச்சதெல்லே?"

"கிடைச்சது."

பஸ் இரண்டு மூன்று ஊரைத் தாண்டியது. தம்பிராசா மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்.

"கிளரன்ஸ், நீர் பொட்டளி எடுக்கப் போன அண்டைக்கு எங்கடை வீட்டிலை வெள்ளைக்கொடி ஏதும் கட்டியிருந்ததே? ஆக்கள் நிண்டவையே?"

"என்ன அண்ணை விசர்க்கதை கதைக்கிறியள்? அக்கா தாச்சியடியிலை நிண்டு பணியாரம் சுட்டுக்கொண்டெல்லோ நிண்டவ. எனக்கும் சுடச்சுட ரெண்டு தந்தவ."

அப்போதுதான் அவருக்கு நோகத் தொடங்கியது. முதலில் நெஞ்சில், பிறகு நடந்து நடந்து செத்துப்போயிருந்த உள்ளங்காலில்கூட. யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். கிளரன்ஸ் பயந்துபோய் அவருக்கு டிக்கெட்டும் கிழிக்காமல் பின்பக்கம் போய் நின்றுவிட்டார். பிள்ளை சாகவில்லை. அல்லது செத்ததாக யாரும் சொல்லவில்லை. கடதாசியில் என்ன இருந்ததோ, எதற்குப் பணியாரம் சுட்டாளோ, மிச்ச வழி முழுக்க அதையே கேட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவு நாள் நடந்த வழியில் அவருக்கு இவ்வளவு களைக்கவில்லை.

படலையைத் திறந்தபோது குணலட்சுமி கிணற்றடியில் இருந்து ஓடிவந்தாள். மெலிந்துபோயிருந்தாள். கண்ணின் கீழ் கறுத்திருந்தது. ஆனால் முகத்தில் உயிர் இருந்தது. ஒரு நீலக் கடிதத்தை அவர் கையில் வைத்தாள்.

"வாசிச்சனீங்கள்தானே பொட்டளிக்குள்ளை வைச்ச என்ரை துண்டை? இதுதான் அந்தக் கடிதம். இது வந்ததாலைதான் அவன்ரை பணியாரத்தையும் சுட்டு வைச்சனான்."

தம்பிராசா நின்றபடியே வாசித்தார். செல்வரட்ணத்தின் எழுத்துத்தான். பாங்கொக்கில் பிடித்து ஒரு வருடம் மறியல் வீட்டில் அடைத்து வைத்திருந்தார்களாம். விட்ட பிறகு வேறொரு ஏஜென்சிக்காரன் துருக்கிக்குக் கொண்டுவந்து விட்டானாம். இங்கே இருந்து வள்ளத்தில் கிரேக்கத்துக்குக் கடத்துகிறார்கள், ஆடி முதல் கிழமை எங்கள் முறை, சின்ன வள்ளம், ஆள் கூட, கடிதம் வராவிட்டால் அப்பாவைப் பயப்படவேண்டாம் என்று சொல்லுங்கோ. இரண்டாம் தரம் வாசித்தார். திகதியைப் பார்த்தார்.

"பிறகு கடிதம் வந்ததே?"

"இல்லை." அவள் அவருடைய பையை வாங்கிக்கொண்டாள். "ஆனால் நான் பயப்பிடேல்லை. உங்கடை அட்டவணையை எடுத்துவைச்சுக் கணக்குப் பாத்தனான். அவன் வள்ளம் ஏறுற கிழமைதான் நீங்கள் கதிர்காமத்திலை நிக்கிறியள். ஒரு நாள் பிசகேல்லை. அதைத்தானே துண்டிலை எழுதினனான், அந்த வாசலிலை விழுந்து கேளுங்கோ, விடாமல் கேளுங்கோ எண்டு. அதை நினைச்சுக்கொண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தனான்." அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னெண்டு கேட்டனீங்கள்?"

தம்பிராசா முற்றத்தில் அப்படியே இருந்துவிட்டார். பொய் சொல்லலாம் என்று நினைத்தார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு நேரத்தைக்கூட மாற்றி எழுதாதவர், அந்த வயதில் அது வரவில்லை.

"நான் கேக்கேல்லை," என்றார். "கோயிலுக்குள்ளை போகேல்லை. ஆத்துக்கு இக்கரையிலை நிண்டனான்."

துண்டு தன்னிடம் வந்து சேராததைச் சொன்னார். வெள்ளைத் துணியைச் சொன்னார், எட்டைச் சொன்னார், துடக்கைச் சொன்னார். மருதமரத்தடி வரைக்கும் ஒன்றையும் விடவில்லை.

"அவனுக்கு எள்ளுந் தண்ணியும் இறைச்சனான், குணம். அவன் கடலிலை நிக்கேக்கை. இறைச்சுப்போட்டு நல்லா நித்திரை கொண்டனான். இந்தப் பதினேழு மாசத்திலை அப்பிடி ஒரு நித்திரை நான் கொள்ளேல்லை."

குணலட்சுமி அவர் கையில் இருந்து கடிதத்தை வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்தாள். படலைப் பக்கம் பார்த்தாள். தபால்காரர் வருகிற நேரம் தாண்டிவிட்டது.

"இந்தக் கடிதம் வந்த நாளிலையிருந்து நான் கண் மூடேல்லை," என்றாள். "இனி நீங்களும் மூடமாட்டியள். எழும்புங்கோ, கால் கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்."